நாற்பது நாள் நிபுணி

அத்தியாயம் 14

எல்மீராவின் சான்றிதழ் காலை எட்டு மணிக்கே சுவரில் ஏறிவிட்டது.

மாட்டிய இடமும் லேசுப்பட்ட இடமில்லை. வீட்டுக்கு வருகிறவர்களில் யார் பெரியவரோ அவரை உட்கார வைக்கும் சுவரோரம், கம்பளத்துக்கு மேலே, காலமான மாமனாரின் படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு மாட்டியிருந்தார்கள். தங்க நிறச் சட்டம். மூலையில், பார்க்கிற பக்கத்துக்கு ஏற்ப நிறம் மாறும் ஒரு முத்திரை. 'சர்வதேசத் தர மனநல நிபுணர். நாற்பத்தேழு நாடுகளில் செல்லும்' என்று கிர்கிஸ் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் எழுதியிருந்தது.

சமையலறையில் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த கனிஷாய்க்கு அந்தச் சட்டம் நேராகத் தெரிந்தது. அவள் இந்த வீட்டின் இளைய மருமகள். மூத்த மருமகளுக்கு விழா எடுத்தால் இளைய மருமகள் மாவு பிசைய வேண்டும், டீ ஊற்ற வேண்டும். கிர்கிஸ் தலைநகரான பிஷ்கெக்கில் எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம் என்பதால் அவள் அதைப் பற்றி முணுமுணுக்கவில்லை. சட்டத்தைப் பார்த்துத்தான் முணுமுணுத்தாள்.

அவளுடைய சான்றிதழ்கள் எங்கே இருந்தன என்பதும் வாசகர்களுக்குத் தெரியும். ஜெர்மனியில், லைப்சிக் நகரில் ஐந்து வருடப் படிப்பு, அதற்குமேல் மூன்று வருடம் மருத்துவமனை, நோயாளிகளோடு அறுநூறு மணி நேரம், அதற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு மூத்தவர் முன்னால் உட்கார்ந்து 'அந்த இடத்தில் ஏன் அப்படிக் கேட்டாய்' என்று குட்டு வாங்கிய நூற்றைம்பது மணி நேரம். அத்தனையும் ஓர் அலுவலகத்தின் அலமாரியில் இரண்டு வருடமாக உறங்கிக்கொண்டிருந்தன. போன வாரம்தான் மூன்றாவது தடவையாக அதே பதில் வந்தது. வெளிநாட்டுப் பட்டத்தை உள்நாட்டுப் பட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். உடற்பயிற்சிப் பாடத்தில் முன்னூற்று அறுபது மணி நேரம் குறைகிறதாம். தாயக வரலாறும் இல்லையாம். குறையை நிவர்த்தி செய்துகொண்டு வரவும்.

முப்பத்தாறு வயதுப் பெண் மைதானத்தைச் சுற்றி ஓடிக் காட்டினால்தான் மனம் உடைந்தவர்களோடு பேசலாம். அதுவரைக்கும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்மீராவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவள் போன மார்கழி வரைக்கும் சந்தையில் திரைச்சீலைக் கடை வைத்திருந்தவள். கடைக்குள்ளேயே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் நாற்பது நாள் பாடம் கேட்டாள். அதிலும் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். நாற்பத்தோராவது நாள் நிபுணி ஆனாள். இப்போது எண்பதாயிரம் பேர் அவள் பேச்சைக் கேட்கிறார்கள். திரைச்சீலை வாங்க வந்தவர்களிடம் பேரம் பேசிய அதே குரலில், 'உன் வலியை நீயே விடு' என்கிறாள். அவர்களும் விட்டுவிடுகிறார்களாம்.

இன்று அவள் பட்டத்துக்குத் தனியாக விருந்து வைக்கவில்லை. நாத்தனார் பெகாயிமின் ஆண் குழந்தைக்கு நாற்பதாம் நாள். நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் சடங்கு. அதோடு இதையும் சேர்த்து ஒரே ஆட்டை வெட்டி முடித்துவிடலாம் என்பது மாமியாரின் யோசனை.

"எண்ணெய் புகையுது பாரு, கண்ணு" என்றபடி எல்மீரா சமையலறைக்குள் வந்தாள். பட்டுச் சட்டை, நெற்றியில் பவுடர், கையில் போன். போர்சோக் ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டாள்.

"வாழ்த்துகள் அக்கா" என்றாள் கனிஷாய்.

"வாயால மட்டும் சொல்ற. சரி, பரவால்ல. உனக்கு ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன். நம்ம ஊர்ல மனநலக்காரங்க எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சிருக்கோம்ல. யார் உள்ள, யார் வெளியன்னு பார்க்க அஞ்சு பேர் குழு போட்டாங்க. அதுல நான் ஒருத்தி."

கனிஷாய் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க என்ன பார்த்து முடிவு பண்ணுவீங்க?"

"ஃபைலைத்தான். உன் ஃபைலும் வந்திருக்கு. திங்கட்கிழமை கூட்டம்."

எண்ணெயில் இருந்த போர்சோக் கருகத் தொடங்கியது. எல்மீராவே அடுப்பைக் குறைத்தாள்.

"மூஞ்சிய அப்படி வெக்காத. சங்கத்துப் பட்டியல்ல பேர் வந்துட்டா ஆஸ்பத்திரில உன்னை எடுத்துக்குவாங்க. அந்த ஓட்டப்பந்தயக் கணக்கெல்லாம் அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. மத்த நாலு பேரும் நான் சொன்னா கேப்பாங்க. கையெழுத்து நான் போடறேன்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"உனக்கு எல்லாத்துலயும் கணக்கு. ஒண்ணும் பெருசா இல்ல. சடங்கை நேரலையா காட்டப் போறேன். உன் முறை வர்றப்போ ரெண்டு வார்த்தை சொல்லு. 'நான் ஜெர்மனில படிச்சவ, எல்மீரா அக்கா செய்யற முறை சரியான முறை'ன்னு. அவ்ளோதான்."

கனிஷாயின் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. நாற்பத்தேழு நாட்டில் ஒரே ஒரு நாட்டின் பெயரைச் சொல்லுங்கள், அந்த நாட்டு ஆஸ்பத்திரி உங்களைக் கேட் தாண்டி விடுமா என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்பதுதான் அது. ஆனால் இரண்டு வருடம் சின்ன காலமில்லை. நர்சுகளுக்கு 'நான் வந்தேன், நீ வந்தாய்' என்று சொல்லிக்கொடுத்து நாக்குத் தடித்துப்போயிருந்தது.

"சரி" என்றாள். சொன்ன வாயை அப்போதே கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் பெகாயிம் உள்ளே வந்தாள்.

இருபத்து மூன்று வயது. புருஷன் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள் முதல் மூன்று வாரம் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்து, சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு எல்மீரா கையில் எடுத்துக்கொண்டாள். இப்போது பாருங்கள் என்று ஊரே சொல்கிறது. கன்னம் சிவந்து, கண் பளபளத்து, இடுப்பில் ஈரத் துணியோடு நிற்கிறாள்.

"பெரியண்ணி, மூணு கம்பளமும் துவைச்சுட்டேன், ஜன்னல் எல்லாம் துடைச்சுட்டேன், கொட்டகையையும் கூட்டிட்டேன், இன்னும் என்ன இருக்கு, சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

"பாத்தியா?" என்று எல்மீரா கனிஷாயைப் பார்த்துச் சிரித்தாள். "அழுதுகிட்டிருந்த பொண்ணு. எட்டு வருஷம் படிச்சவங்களால முடியுமா இது?"

கனிஷாய் சிரிக்கவில்லை. அவள் பெகாயிமின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பளத்தை எப்ப துவைச்ச, பெகாயிம்?"

"விடியறதுக்கு முன்னாடியே."

"தூங்கினியா?"

"தூக்கம் எதுக்கு சின்னண்ணி? மூணு நாளா எனக்குத் தூக்கமே தேவைப்படல. அவ்ளோ லேசா இருக்கு. பிள்ளை என்கூட பேசறான் தெரியுமா? வாயைத் தொறக்காமயே பேசுவான்."

"மாத்திரை?"

பெகாயிம் எல்மீராவைப் பார்த்தாள். எல்மீரா போனைப் பார்த்தாள்.

"ஒன்பது நாளாச்சு. கழிப்பறைல கொட்டிட்டேன். உடம்பு சொல்றதைக் கேளுன்னு பெரியண்ணி சொன்னாங்க. உடம்பு வேணாம்னு சொல்லுச்சு." சொல்லிவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். துடைக்க இன்னும் ஏதோ இருந்தது.

கனிஷாய் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இது சந்தோஷம் இல்ல. வியாதி. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நாளைக்கு இல்ல, இப்ப."

"அவ சிரிக்கறது உனக்குப் பொறுக்கல."

"மூணு நாள் தூங்காத பொண்ணு, குழந்தை பேசுதுங்கறா. இதுக்கு என்ன பேருன்னு உங்க நாற்பது நாள்ல சொல்லிக்கொடுக்கலியா?"

"சொல்லிக்கொடுத்தாங்க. விழிப்பு நிலைன்னு பேரு." எல்மீரா கண்ணாடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். "அம்பது பேர் வராங்க. ரெண்டு மணி நேரம் பொறு. சடங்கு முடியட்டும், அப்புறம் உன் இஷ்டம். திங்கட்கிழமையையும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோ."

கனிஷாய் பொறுத்தாள். அதை மூடிமறைப்பதில் அர்த்தமில்லை. பெகாயிமை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால் போதும், இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லைப்சிக்கில் எந்த மாணவியாவது இப்படிச் சொல்லியிருந்தால் அவளை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் கையெழுத்து என்ற சொல் அவள் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணிக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் பித்தளைத் தொட்டி, அதில் வெதுவெதுப்பான தண்ணீர். தொட்டிக்குள் குழந்தையைத் தாங்கிப் பிடித்திருந்தாள் பெகாயிம். மரக் கரண்டி கைமாறிக் கைமாறி வந்தது. ஒவ்வொருத்தியும் ஒரு கரண்டி ஊற்றி, ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மாமியார் சத்தமாக எண்ணினார். எல்மீராவின் போன் ஒரு பூந்தொட்டி மீது நின்றபடி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"குதிரை மேல உட்கார்ற பிள்ளையா வளரட்டும்."

"இருபத்தெட்டு" என்றார் மாமியார்.

"அப்பன் மாதிரி மாஸ்கோவுக்கு ஓடாம இருக்கட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். "இருபத்தொன்பது."

"இந்தப் பிள்ளையோட அம்மாவைப் பாருங்க" என்று எல்மீரா போனைப் பார்த்துப் பேசினாள். "ஒரு மாசம் முன்னாடி சுவரைப் பார்த்து அழுதவ. இன்னிக்குச் சூரியன். என் முறைக்கு இவதான் சாட்சி. ஜெர்மனில படிச்ச என் தங்கச்சியும் இங்க இருக்கா. அவளே சொல்லட்டும்."

கரண்டி கனிஷாயிடம் வந்தது. அவள் தண்ணீரை மொண்டுகொண்டு குனிந்தாள். பெகாயிம் அவள் காதருகே முகத்தைக் கொண்டுவந்தாள். ரகசியம் சொல்லும் குழந்தையின் சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது.

"உங்களுக்கு மட்டும் சொல்றேன் சின்னண்ணி. இது என் பிள்ளை இல்ல. ஆஸ்பத்திரிலயே மாத்திட்டாங்க. நாற்பதாவது கரண்டி விழறப்போ இவன் தலையைத் தண்ணிக்குள்ள அழுத்திப் பிடிச்சா, என் பிள்ளை மேல வந்துடுவான். அவனே சொன்னான்."

கனிஷாயின் கையிலிருந்த தண்ணீர் குழந்தையின் கால் மேல் சிந்தியது.

"முப்பது" என்றார் மாமியார். "வாயைத் தொறந்து ஏதாவது சொல்லேன்டி, எல்லாரும் காத்திருக்காங்க."

கனிஷாய் கரண்டியைக் கம்பளத்தில் போட்டாள். தொட்டிக்குள் கைவிட்டு, பெகாயிமின் கைகளுக்கு நடுவிலிருந்து குழந்தையை அப்படியே தூக்கி, ஈரத்தோடு மார்பில் அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

யாரோ "ஐயோ" என்றார்கள். முப்பதில் நின்ற சடங்கை அந்த வட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. பெகாயிம் அலறினாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"பத்து கரண்டி பாக்கி இருக்கு" என்று மாமியார் எழுந்து நின்றார். "என் பேரனுக்கு என்ன கேடு வெக்கப் பார்க்கற? குழந்தையைக் குடு."

"குடுக்க மாட்டேன், அத்தை. ஆம்புலன்ஸ் வரட்டும்."

"எந்த அதிகாரத்துல கூப்பிடற?" என்று எல்மீரா கேட்டாள். "உனக்கு இங்க ஒரு காகிதம் இருக்கா? ஒரு முத்திரை இருக்கா? நீ ஜெர்மன் டீச்சர்."

"ஆமா. எனக்குக் காகிதம் இல்ல" என்றாள் கனிஷாய். "நீங்க திங்கட்கிழமை கையெழுத்து போட வேணாம். போனை நிறுத்துங்க."

எல்மீரா நிறுத்தவில்லை. பதற்றத்தில் மறந்தேபோனாள்.

கனிஷாய் தன் போனிலிருந்து அழைத்த ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. வந்த டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் போலிருந்தார். பெகாயிமோடு பத்து நிமிடம் பேசினார். மாற்றப்பட்ட பிள்ளையின் கதையை அவளே வாய்நிறையச் சொன்னாள். அதைக் கேட்டு மாமியார் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் மிச்சமிருந்த கரண்டிகளைப் பற்றிப் பேசவில்லை.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?" என்றார் டாக்டர்.

ஐம்பது பேரும் தங்கச் சட்டத்தைப் பார்த்தார்கள்.

"நான் நிறுத்தச் சொல்லல" என்றாள் எல்மீரா. "உடம்பு சொல்றதைக் கேளுன்னுதான் சொன்னேன்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"மனநல வல்லுநரா?"

நாற்பத்தேழு நாடுகளில் செல்லும் நிபுணி, சொந்த வீட்டு வரவேற்பறையில் குரலைத் தாழ்த்தினாள். "வழிகாட்டின்னு வெச்சுக்கலாம்."

டாக்டர் அவளை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கனிஷாய் எழுதி நீட்டிய காகிதத்தைப் படித்தார். தூங்காத நாட்கள், மாத்திரை நின்ற தேதி, பெகாயிம் சொன்ன வார்த்தைகள் சொன்னபடியே இருந்தன. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"ஜெர்மன் டீச்சர்."

"டீச்சர் எழுதற மாதிரி இல்லையே" என்று சொல்லி காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். "மாத்திரை எப்படி நின்னுச்சுங்கறதை, சம்பந்தப்பட்டவங்க கைப்பட எழுதித் திங்கட்கிழமை காலைல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரணும். ஒருத்தர் இப்ப கூட வரலாம். யார் வர்றீங்க?"

கனிஷாய் குழந்தையைத் துணியில் சுற்றி மாமியார் பக்கத்தில் இருந்த ஒரு வயதான உறவுக்காரப் பெண்ணிடம் கொடுத்தாள். மேல்சட்டையை எடுத்துக்கொண்டாள். இந்த வீட்டில் கூடப் போகத் தகுதியுள்ள ஒரே ஆள் தான்தான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. எல்மீராவைத் தாண்டிப் போகும்போது அவள் பார்த்த பார்வையில், இந்தப் பதின்மூன்று அத்தியாயங்களாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை இளக்காரமும் இருந்தது.

முற்றத்தில் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. பெகாயிம் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சின்னண்ணி வேணாம்."

"நான்தான் உன்கூட வரணும், பெகாயிம்."

"வேணாம். பெரியண்ணி வரட்டும்."

"அவங்களாலதான் உனக்கு இந்த நிலை."

பெகாயிம் ஒரு கணம் தெளிந்தாற்போல் அவளைப் பார்த்தாள்.

"நான் முதல்ல உங்க கதவைத்தான் தட்டினேன், அண்ணி. பிள்ளை பொறந்து பத்தாவது நாள். நீங்க மேசைல ஏதோ எழுதிக்கிட்டிருந்தீங்க. நான் அழுதேன். சொந்தக்காரங்களை நாங்க பார்க்கக்கூடாது, அதான் விதின்னு சொன்னீங்க. ஒரு டாக்டர் பேரை எழுதிக் குடுத்தீங்க. கதவைச் சாத்திட்டீங்க. பெரியண்ணி வந்து என் பக்கத்துல படுத்துக்கிட்டாங்க."

கனிஷாய்க்கு அந்தப் பிற்பகல் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது சரியான விதி. எந்த நாட்டிலும் அதுதான் விதி. உறவுக்காரருக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று அவள் மேசையில் எழுதிக்கொண்டிருந்தது உடற்பயிற்சி மணிக்கணக்குக்கான முறையீடு. வாக்கியம் பாதியில் இருந்ததால் பெகாயிமிடம் சீக்கிரம் பேச்சை முடித்து அவளை அனுப்பிவிட்டாள்.

"நேரமாகுது" என்றார் டாக்டர். "அவ யாரைக் கேக்கறாளோ அவங்க வரட்டும்."

எல்மீரா படியில் நின்றிருந்தாள். பவுடர் வழிந்திருந்தது. ஓடிப்போய்விடுவாள் என்றுதான் கனிஷாய் எதிர்பார்த்தாள். அவள் ஓடவில்லை. செருப்பை மாற்றக்கூட இல்லாமல், வீட்டுக்குள் போடும் மெத்தென்ற செருப்போடு முற்றத்து மண்ணில் நடந்து வந்தாள். வண்டியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி, கனிஷாயின் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"நான் அவகிட்ட என்ன பேசணும்? எனக்கு ஒண்ணும் தெரியாது, கனி. சொல்லிக்குடு."

எட்டு வருடப் படிப்பிலிருந்து இந்த ஒரு நிமிடத்துக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று கனிஷாய் தேடினாள். ஏளனமாகச் சொல்ல ஆயிரம் இருந்தது. அதில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"எதுவும் பேசாதீங்க, அக்கா. பிள்ளை மாறலைன்னு அவகூட வாதாடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க. கையை மட்டும் விடாதீங்க."

எல்மீரா தலையாட்டிவிட்டு ஏறினாள். பெகாயிம் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். கதவு மூடி, வண்டி தெருமுனை திரும்பும்வரை கனிஷாய் மேல்சட்டையோடு முற்றத்திலேயே நின்றாள். உள்ளே குழந்தை பசித்து அழத் தொடங்கியது. பூந்தொட்டி மேல் இருந்த போனுக்குள் எண்பதாயிரம் பேரில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, போனை அணைக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.